சுடுதண்ணி ஏன் நூலா வருது? குன்னத்தூர் வீட்டுக் குழாய் ஒன்றின் வரலாறு

மார்கழி மாதம், காலை ஆறு மணி. குன்னத்தூரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்தால் பச்சத்தண்ணி பக்கம் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. சுடுதண்ணி பக்கம் நூல் மாதிரி இறங்குகிறது. ஒரு பக்கெட் நிரம்பக் கால் மணி நேரம். நிரம்புவதற்குள் ஆறியும் போகிறது. கெய்சரில் சிவப்பு விளக்கு எரிகிறது, உள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம்கூடக் கேட்கிறது. ஆனால் வெளியே வர மாட்டேன் என்கிறது.

குழாய் வேலைக்காரர் வந்தார். மின்சாரத்தை அணைத்து, ஆங்கிள் காக்கை மூடி, கெய்சருக்கு மேலிருந்து வரும் ஓஸைக் கழற்றித் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். முட்டை ஓட்டை நொறுக்கின மாதிரி வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள் கொட்டின.

"உப்புங்க. உங்க வீட்ல மட்டுமில்லீங்க, இந்தப் பக்கம் எல்லா வீட்லயும் இதேதானுங்க" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவு வந்திருக்காது. கெய்சருக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "இந்த வால்வு ஓட்டையை யாருங்க அடைச்சது?"

அடைக்கச் சொன்னது நான்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிந்தது. வேறொருவரைக் கூப்பிட்டு ஒரு பிளக்கைப் போட்டு இறுக்கச் சொன்னேன். சொட்டு நின்றது, எனக்கும் நிம்மதியாக இருந்தது. அப்படி நான் அடைத்தது என்ன என்பது மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த வெள்ளைச் சில்லு எங்கிருந்து வந்தது, எங்கள் அப்பத்தா காலத்தில் இந்தப் பிரச்சினை இருந்ததா, அந்த ஓட்டை எதற்கு என்ற மூன்று கேள்விகளோடு நான் தேடிச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

அண்டா காலம்

கொங்கு நாட்டுப் பழைய வீடுகளில் சுடுதண்ணி அடுப்பு வீட்டுக்குள் இருக்காது. பொடக்காணியில், சுவரோரமாக இருக்கும். மூன்று கல், அல்லது மண்ணில் குழைத்துப் போட்ட அடுப்பு. அதன்மேல் செம்பு அண்டா, இல்லையென்றால் பித்தளைத் தவலை. எரிக்கப் பருத்திமாறு, தென்னை மட்டை, பாளை. கொஞ்சம் வசதியானவர்கள் செம்பு பாய்லர் வைத்திருந்தார்கள். நடுவில் புகைபோக்கி, அதைச் சுற்றித் தண்ணீர், அடியில் கரி, பக்கத்தில் பித்தளைத் திருகு. பாய்லர் இருக்கிற வீடு என்றால் கல்யாணப் பேச்சில்கூட ஒரு மதிப்பு.

தண்ணீர் கிணற்றில் இருந்து வந்தது. குடிக்கவும் குளிக்கவும் கயிறு போட்டுச் சேந்துவார்கள். வயலுக்கு மாடு கட்டிக் கவலை ஓட்டுவார்கள். மாடு இழுத்து ஏறுகிற ஆழம்தான் கிணற்றின் ஆழம், அதற்குக் கீழே யாரும் போகவில்லை.

அப்போது அண்டாவில் வெள்ளை ஓடு கட்டவில்லையா? கட்டியது. எங்கள் அப்பத்தா மாதத்துக்கு ஒரு தரம் "அண்டா ஓடு கட்டிப்போச்சு, சொரண்டோணும்" என்று சொல்லிவிட்டு உட்காருவார். கொட்டாங்குச்சி ஓட்டால் சுரண்டி, புளியை ஊறவைத்துத் தேய்த்து, சாம்பல் போட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைப்பார். மறுநாள் செம்பு பளபளக்கும்.

அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அவர் செய்தது சரியான வேதியியல். வெள்ளை ஓடு என்பது சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். புளியில் உள்ள அமிலம் அதைக் கரைக்கும். இன்றைக்குக் கெய்சரைக் கழுவ வருகிறவர் எலுமிச்சை உப்பு என்று விற்கிற சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து ஊற்றுகிறார். புளி செய்த அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது.

ஆகப் பிரச்சினை அப்போதும் இருந்தது. ஆனால் அண்டாவுக்கு வாய் திறந்திருந்தது, உள்ளே கட்டுவது கண்ணுக்குத் தெரிந்தது, கை உள்ளே போனது. இந்த மூன்றும்தான் பின்னால் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

உப்பு இல்லை, சுண்ணாம்பு

நாம் எல்லாவற்றையும் 'உப்பு' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உப்புத்தண்ணி, சப்பத்தண்ணி, நல்ல தண்ணி என்று நாக்கால் பிரிக்கிறோம். ஆனால் இதில் இரண்டு சமாச்சாரம் கலந்திருக்கிறது.

ஒன்று, சமையல் உப்பு மாதிரி சோடியம் உப்புகள். இவை தண்ணீரைக் கரிக்க வைக்கும். தண்ணீரைச் சூடு பண்ணினால் மட்டும் இவை படியாது, தண்ணீர் முழுக்க வற்றினால்தான் மிஞ்சும்.

இன்னொன்று, கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகள். இதைத்தான் கடினத்தன்மை என்கிறோம். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. இது தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். தண்ணீர் சூடானதும் கார்பன் டை ஆக்சைடு வாயு பிரிந்து போய்விடும், சுண்ணாம்பு தனியாகப் பிரிந்து அருகில் இருக்கும் சூடான பரப்பில் ஒட்டிக்கொள்ளும். பச்சத்தண்ணிக் குழாய் நன்றாக ஓடுவதும் சுடுதண்ணிக் குழாய் மட்டும் அடைப்பதும் இதனால்தான். ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். சூடு பட்ட பக்கம் மட்டும் கல்லாகிறது.

அளவைப் பார்ப்போம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே இல்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். 600 மில்லிகிராம் உள்ள தண்ணீரை ஒரு வீட்டில் தினமும் 100 லிட்டர் சூடாக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் 60 கிராம் சுண்ணாம்பு அந்தக் கெய்சர் வழியாகப் போகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே தங்கினால்கூட வருடத்துக்கு இரண்டு கிலோவைத் தாண்டும். அரை அங்குலக் குழாய்க்கு இரண்டு கிலோ எவ்வளவு பெரிய அடைப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? திருப்பூர்ப் பக்கத்தில் தண்ணீரைப் பற்றி எந்தக் குறை சொன்னாலும் "எல்லாம் சாயப்பட்டறை பண்ணின வேலை" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். நொய்யல் கரை ஊர்களுக்கு அது உண்மை. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டும் என்றால் உப்பைக் கொட்ட வேண்டும். அந்தச் சாயங்கள் 1956-ல் சந்தைக்கு வந்தவை. பனியன் ஏற்றுமதி பெருகப் பெருக, உப்பும் கழிவும் நொய்யலுக்குப் போயின. 1992-ல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியானது, சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன. அந்த விவசாயிகள் பட்ட பாடு தனி வரலாறு.

ஆனால் குன்னத்தூர் இருப்பது நொய்யலுக்கு வடக்கே, பவானிக்குத் தெற்கே, இரண்டுக்கும் நடுவில் உள்ள மேட்டு நிலத்தில். நொய்யல் தண்ணீர் மேடேறி எங்கள் போருக்கு வராது. எங்கள் கெய்சரில் இருக்கும் சுண்ணாம்புக்கு முதல் காரணம் காலுக்கு அடியிலேயே இருக்கிறது. கொங்கு நாட்டுச் செம்மண்ணைக் கொஞ்சம் தோண்டினாலே பல இடங்களில் சுக்கான்கல் வரும். அந்தக் காலத்தில் அதைக் காளவாயில் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள், வீடு கட்டினார்கள், பொங்கலுக்குச் சுவருக்கு அடித்தார்கள். வெளியே சுவரில் இருந்த அதே சுண்ணாம்புதான் இப்போது உள்ளே குழாயில் இருக்கிறது.

தண்ணீர் கீழே போன கதை

சுண்ணாம்பு எப்போதும் இருந்தது என்றால் இப்போது மட்டும் ஏன் இவ்வளவு? இதற்குப் பதில் மோட்டாரில் இருக்கிறது.

1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரம் மலை இறங்கிக் கோவைச் சீமைக்கு வந்தது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தார்கள். கோவை பம்ப்செட்டுகளின் ஊரானது. மாடு இழுத்த ஆழத்துக்குக் கீழே போக முடியும் என்று விவசாயிக்குத் தெரிந்தது. கவலை மெல்ல நின்றது.

1955-ல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. வாய்க்கால் போன இடமெல்லாம் நெல்லும் மஞ்சளுமாகப் பச்சையானது. வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத்துக்குக் கிணறுதான் கதி. கிணற்றை ஆழப்படுத்தினார்கள், கிணற்றுக்குள்ளேயே பக்கவாட்டில் துளை போட்டார்கள். பிறகு திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வந்தன. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அதைக் குறை சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் மேட்டு நிலத்து விவசாயம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் தண்ணீர் மட்டம் கீழே போனது. நூறு அடியில் கிடைத்த தண்ணீருக்கு ஐந்நூறு, ஆயிரம் அடி என்று துளைத்தார்கள். இதே காலத்தில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்காகச் சுற்றியுள்ள கிராமக் கிணறுகளில் இருந்து லாரி லாரியாகத் தண்ணீர் போனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திறந்த கிணற்றில் மழைத்தண்ணீர் இறங்கி அடிக்கடி கலக்கும். ஆழ்துளையில் கிடைப்பது பாறை இடுக்கில் பல காலம் தங்கின தண்ணீர். பாறையோடு எவ்வளவு காலம் சேர்ந்து இருக்கிறதோ அவ்வளவுக்குப் பொதுவாகத் தாதுக்களும் அதில் கரையும். அப்பத்தாவின் அண்டாவுக்கு மாதம் ஒரு சுரண்டல் போதுமானதாக இருந்ததற்கும், நம் கெய்சர் இரண்டு வருடத்தில் அடைத்துக்கொள்வதற்கும் இந்த வித்தியாசம் ஒரு காரணம். இன்னொரு காரணம் பாத்திரமே மாறிப்போனது.

வாய் மூடிய அண்டா

'கெய்சர்' என்ற சொல்லே ஒரு வெந்நீர் ஊற்றின் பெயர். ஐஸ்லாந்தில் கெய்சிர் என்ற ஊற்று பூமிக்குள்ளிருந்து சுடுதண்ணியைப் பீய்ச்சி அடிக்கும். 1868-ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவால் தண்ணீரைச் சூடாக்கும் கருவியைச் செய்து அந்தப் பெயரை வைத்தார். 1889-ஐ ஒட்டி அமெரிக்காவில் எட்வின் ரூட் என்பவர் தண்ணீரைத் தேக்கி வைத்துத் தானாகச் சூடாக்கும் கருவியைக் கொண்டுவந்தார். நம் வீட்டுச் சுவரில் தொங்குவது அதன் மின்சாரப் பேரப்பிள்ளை.

இந்தப் பக்கம் அது பரவலாக வந்தது பனியன் கம்பெனி வருமானத்தோடு. மாடியில் தொட்டி, அறையோடு சேர்ந்த குளியலறை, கெய்சர் என மூன்றும் ஒன்றாக வந்தன. விடியற்காலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு அடுப்பு மூட்ட நேரம் ஏது? பொடக்காணியில் புகையோடு மல்லுக்கட்டிய பெண்களுக்கு அது பெரிய விடுதலை. அண்டாவே நல்லது என்று பழம்பெருமை பேச எனக்கு மனமில்லை. கொதிக்கிற தவலையைத் தூக்கிக் காலில் ஊற்றிக்கொண்டவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு.

ஆனால் ஒன்று நடந்தது. அண்டாவுக்கு வாய் மூடிவிட்டது. உள்ளே என்ன கட்டுகிறது என்று தெரியாது. சுரண்டுகிற கைக்கு வேலை போயிற்று. கைக்குப் பதிலாகக் கருவிக்குள் இரண்டு விஷயம் வைத்தார்கள். ஒன்று, மக்னீசியக் கம்பி. தொட்டியின் இரும்பை விட்டுவிட்டு அரிப்பு முதலில் தன்னைத் தின்னட்டும் என்று அது தன்னையே கொடுக்கும். 1824-ல் ஹம்ப்ரி டேவி கப்பலின் செம்புத் தகட்டைக் காப்பாற்றக் கண்டுபிடித்த அதே உபாயம். அந்தக் கம்பி கரைந்து முடிந்தால் மாற்ற வேண்டும். எத்தனை வீட்டில் மாற்றியிருக்கிறோம்?

இரண்டாவது, நான் அடைத்த அந்த ஓட்டை.

குக்கர் வெயிட்டும் கெய்சர் வால்வும்

1679-ல் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் மூடிய பாத்திரத்தில் நீராவியால் எலும்பை வேகவைக்கும் கருவி ஒன்றைச் செய்தார். பாத்திரம் வெடிக்காமல் இருக்க அதில் எடை வைத்த ஒரு வால்வைப் பொருத்தினார். நம் பிரஷர் குக்கருக்கு அவர்தான் பாட்டன். குக்கர் வெயிட் அடியில் பருப்பு அடைத்தால் ஆபத்து என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தூக்கிப் பார்த்து, ஊதிப் பார்த்து, ஊசியால் குத்திப் பார்த்துத்தான் அடுப்பில் வைப்போம். அதே வால்வு குளியலறையில் தலைக்கு மேல் இருக்கிறது. அதை யாரும் ஊதிப் பார்ப்பதில்லை.

கெய்சருக்குள் பச்சத்தண்ணி நுழையும் இடத்தில் ஒரு வழி வால்வு உண்டு. தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வராது. தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட ஒரு டம்ளர் அளவுக்குக் கூடும். அந்த ஒரு டம்ளர் எங்கே போகும்? பாதுகாப்பு வால்வு வழியாகச் சொட்டும். சூடாகும்போது மட்டும் கொஞ்சம் சொட்டுவது பழுது அல்ல, வால்வு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். நிற்காமல் ஓடினால்தான் வால்வில் கோளாறு. அப்போதும் வால்வை மாற்ற வேண்டும், அடைக்கக் கூடாது.

நான் அதைத்தான் அடைத்தேன். தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்ததால் மூன்று வருடம் தப்பித்தோம். ஒருநாள் தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டு மின்சாரம் நிற்காமல் போயிருந்தால்? தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டும், ஆனால் அழுத்தத்தால் நீராவியாக முடியாமல் உள்ளேயே அடைபட்டு நிற்கும். தொட்டி விட்டுக்கொடுக்கும் நொடியில் அதில் ஒரு பகுதி சட்டென்று நீராவியாகப் பாயும். தண்ணீர் நீராவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்தக் குளியலறையில் தினமும் முதலில் குளிப்பது என் அம்மா.

நான் அடைக்காவிட்டாலும் சுண்ணாம்பே அந்த வால்வை அடைத்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் தண்ணீருக்கு அது சாதாரணம். வால்வில் சின்ன நெம்புகோல் இருந்தால், கெய்சரை அணைத்து ஆறவிட்ட பிறகு, மாதம் ஒரு தரம் அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் வந்தால் உயிரோடு இருக்கிறது.

பட்டறைக்குத் தெரிந்தது, வீட்டுக்குத் தெரியாதது

இந்த இடத்தில்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். இதே சுண்ணாம்பு, இதே சுடுதண்ணி, இதே வெடிப்பு பயம், மூன்றும் நம் பக்கத்துச் சாயப்பட்டறைகளுக்கும் உண்டு. சாயம் ஏற்றவும் வெளுக்கவும் நீராவி வேண்டும், நீராவிக்குக் கொதிகலன் வேண்டும். அவர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள்.

1841-லேயே ஸ்காட்லாந்தின் தாமஸ் கிளார்க், சுண்ணாம்பைச் சேர்த்தே தண்ணீரில் உள்ள சுண்ணாம்பை வெளியேற்றும் வழிக்குக் காப்புரிமை வாங்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ராபர்ட் கான்ஸ், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விடும் பொருளைக் கொண்டு மென்னீராக்கியைச் செய்தார். பட்டறையில் நீல நிறத்தில் நிற்கும் 'சாஃப்ட்னர்' அந்த வழியில் வந்தது. மென்னீர் இல்லாமல் எந்தப் பட்டறையும் கொதிகலனை ஏற்றாது. சுண்ணாம்பு செம்பை விட நூறு மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தத் தயங்கும் பொருள். ஓடு கட்டினால் விறகும் வீண், குழாயும் வெந்துபோகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சட்டமும் இருக்கிறது. 1863-ல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்தது. அடுத்த வருடமே வங்காளத்தில் கொதிகலன் ஆய்வுச் சட்டம் வந்தது. 1923-ல் அது இந்தியா முழுக்க ஒரே சட்டமானது, 2025-ல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்திருக்கிறது. கொதிகலனைப் பதிவு செய்ய வேண்டும், ஆய்வாளர் வந்து பாதுகாப்பு வால்வைச் சோதிக்க வேண்டும், சான்றிதழ் வாங்க வேண்டும்.

பட்டறைக்கு நல்ல தண்ணீரும் வந்தது. 1995-ல் தொடங்கிய புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம், காவிரியில் இருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீர் கொண்டுவரும் திட்டத்தைச் செய்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தே ஓட்ட வேண்டும் என்றானது.

வீட்டுக் கெய்சருக்கு ஐ.எஸ். 2082 என்ற தரம் உண்டு, செய்து விற்கும்போது அதைச் சோதிக்கிறார்கள். மாட்டிய பிறகு? வீட்டுக்காரர்தான் ஆய்வாளர். அந்த ஆய்வாளர் வேலையில் நான் தேறவில்லை.

பழுதைக் கண்டுபிடிக்கும் வரிசை

அன்றைக்குக் குழாய் வேலைக்காரர் பார்த்த வரிசையை எழுதி வைத்திருக்கிறேன். ஒரு விஷயத்தை மனதில் வைத்தால் போதும்: கெய்சரில் பச்சத்தண்ணி கீழே நுழைந்து தள்ளினால்தான் சுடுதண்ணி மேலே இருந்து வெளியே வரும். உள்ளே போகாதது வெளியே வராது.

இரண்டு பக்கமும் குறைவாக வந்தால் கெய்சரைத் திட்டாதீர்கள். மாடித் தொட்டி மட்டம், கேட் வால்வு, குழாய் முனைச் சல்லடை ஆகியவற்றைப் பாருங்கள். தொட்டி பத்தடி உயரத்தில் இருந்தால் சதுர சென்டிமீட்டருக்குக் கிடைக்கும் அழுத்தம் வெறும் 0.3 கிலோ. இந்தச் சின்ன அழுத்தத்துக்குச் சல்லடையில் சிக்கிய நாலு சில்லு போதும்.

சுடுதண்ணி மட்டும் குறைந்தால், முதலில் கெய்சருக்குப் போகும் ஆங்கிள் காக் முழுதாகத் திறந்திருக்கிறதா பாருங்கள். பிறகு ஒரு வழி வால்வு. சுண்ணாம்பு கட்டி அது பாதியில் சிக்கிக்கொள்ளும். பிறகு வெளியே வரும் ஓஸும் அதன் முனையும். கடைசியில் மிக்சருக்குள் சுடுதண்ணி பக்கம்.

வேகமாக வந்தும் சூடு இல்லை என்றால் எலிமென்டில் ஓடு கட்டியிருக்கலாம், தெர்மோஸ்டாட் போயிருக்கலாம். பச்சத்தண்ணிக்கு மட்டும் பிரஷர் பம்ப் வைத்திருந்தால், மிக்சர் வழியாகப் பச்சத்தண்ணியே சுடுதண்ணிக் குழாய்க்குள் ஏறிவிடும். இதைக் கண்டுபிடிக்காமல் கெய்சரையே மாற்றியவர்கள் உண்டு.

மாடியில் சோலார் ஹீட்டர் என்றால் அதன் காற்றுக் குழாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பச்சத்தண்ணித் தொட்டி அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். குழாய் மேலே ஏறி வளைந்து இறங்கும் இடத்தில் காற்று அடைத்தாலும் தண்ணீர் நின்றுவிடும்.

எதைத் திறப்பதானாலும் எம்சிபியை அணைத்து, ஆறவிட்டுத்தான் திறக்க வேண்டும். எலிமென்டைக் கழற்றுவது மின்சாரம் தெரிந்தவர் வேலை.

குளம் நிறைந்த பிறகு

2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அறுபது வருடத்துக்கும் மேல் இந்த மேட்டு நில மக்கள் கேட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீர் 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாகத் தள்ளி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது திட்டம். வாய்க்கால் எட்டாத நிலத்துக்குக் குழாய் எட்டியிருக்கிறது.

குளத்தில் நிற்கும் ஆற்றுத்தண்ணி மெல்ல மண்ணுக்குள் இறங்கினால், கிணறுகளில் மேல்தண்ணீர் கலந்தால், கடினத்தன்மை கொஞ்சமாவது குறையலாம். ஆனால் அது வருடக் கணக்கில் நடக்கும் வேலை. பாறையில் இருக்கிற சுண்ணாம்பு எங்கும் போகாது. அதுவரை, அதற்குப் பிறகும்கூட, கெய்சரைக் கழுவித்தான் ஆக வேண்டும்.

எங்கள் வீட்டில் புது வால்வு போட்டாயிற்று. அதில் இருந்து ஒரு சின்னக் குழாயைத் தரைக்கு இறக்கி, கீழே ஒரு டப்பா வைத்திருக்கிறோம். காலையில் சுடுதண்ணி போட்டால் அதில் கொஞ்சம் தண்ணீர் சேர்கிறது. அம்மா அதைத் துளசிக்கு ஊற்றுகிறார். ஒருநாள் டப்பா காலியாக இருந்தால் எனக்குச் சொல்ல வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வருடா வருடம் கழுவும் தேதியும் வைத்தாயிற்று. பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதற்கு முந்தைய வாரம். முன்னே அந்த வாரத்தில்தான் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம், இனி அதே வாரத்தில் கெய்சரில் இருந்து சுண்ணாம்பு எடுப்போம். நீங்களும் இன்றைக்குக் குளிக்கப் போகும்போது ஒரு தரம் தலையைத் தூக்கிக் கெய்சருக்கு அடியில் பாருங்கள். அந்த ஓட்டை திறந்திருக்கிறதா?